பசை ரீச்சரின் பாசிக்குடாப் பக்கம்

உலகத்தில் எல்லோரும் நடந்து முடிந்த விஷயங்களைத்தான் அல்பத்தில் ஒட்டுவார்கள். முதலில் பக்கத்தை அலங்கரித்து முடித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தில் உள்ளபடி உலகத்தை நடக்க வைத்த ஒரே மனுசி, எனக்குத் தெரிந்தவரை, பசை ரீச்சர்தான்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. மட்டக்களப்புப் புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தார். வீட்டில் எந்த நேரமும் அடுப்பில் மாப்பசை காய்ச்சினார். இது போதாதா ஒரு பெயர் ஒட்டிக்கொள்ள?

யுத்த காலம் அது. நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், எழுதுவினைஞன். ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாதபடி பாதை அடிக்கடி மூடிக்கொண்டதால், வாடகைக்கு ஓர் அறை தேடினேன். மற்ற வீடுகளில் "சிகரட் பத்துவீங்களா? குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். பசை ரீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, கமரா இரிக்கா?"

இருந்தது. அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அறை எனக்குக் கிடைத்தது.

மூன்றாவது நாளே ஒரு பாடம் படித்தேன். காலையில் அவசரமாக இடியப்பத்தைப் போட்டு, அடுப்படியில் சட்டியில் வெள்ளையாக இருந்த சொதியை நிறைய ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டேன். மூன்றாவது வாய்க்கு வாய் திறக்கவில்லை. ரீச்சர் ஓடிவந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார்.

"ஐயோ, கதிர்காமப் பக்கத்துக்கெண்டு காய்ச்சின பசை! முழுக்க ஊத்திட்டீங்களே!"

அந்தக் கதிர்காமப் பக்கத்தைப் பிறகு பார்த்தேன். பிறிஸ்டல் போட் அட்டையில் நான்கு ஓரமும் கலியாண அழைப்பிதழிலிருந்து வெட்டிய பொன் கரை. மூலையில் சரிகைத்தாளில் செய்த மயில். நடுவில் பென்சிலால் கீறிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மணிமணியான எழுத்தில் விளக்கம். "மாணிக்க கங்கையில் குகன் குளிக்கிறான்." "எழில் பூத்தட்டுடன்." "அப்பா களைப்பாறுகிறார்." எல்லாம் இருந்தது. படங்கள் மட்டும் இல்லை.

"எப்ப ரீச்சர் போனீங்க?"

"இன்னும் போகல்ல. வாற லீவுக்குத்தான் போறம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, ரோட்டுத் துறக்கட்டும் போவம் எண்டு இரிந்தா, ரோட்டு ஒருநாளும் 'வா' எண்டு கூப்பிடாது. அதான் முதல்ல பக்கத்த முடிச்சிருவன். பக்கம் முடிஞ்சா மறுகா போகாம இரிக்க ஒண்ணாதே!"

குடும்பத்தை இப்போதே அறிமுகப்படுத்திவிடுகிறேன். மூத்தவள் எழில், கச்சேரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளர். இளையவன் குகன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். ரீச்சரின் கணவர் தபால் கந்தோரில் வேலை. நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஐயா ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை ஒரு தந்தியில் அடித்துவிடலாம். ஆனால் வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ அவருக்குச் சிரிப்பு வரும். அது சாதாரணச் சிரிப்பல்ல, வெடிச்சிரிப்பு. பக்கத்து வளவுத் தென்னையில் இருக்கிற காகம் எழும்பிப் பறக்கும். அந்தச் சிரிப்பைப் படமாகப் பிடித்து ஒட்டிவிட வேண்டும் என்பது ரீச்சரின் நெடுநாள் வைராக்கியம். ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்குவார். ஒவ்வொரு பயணத்திலும் ஐயா சிரிக்காமலே திரும்பி வருவார். கடைசியில் அந்தக் கட்டத்தில் ஒரு பஸ் டிக்கட்டோ காய்ந்த இலையோ ஏறிவிடும்.

பஸ் டிக்கட் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் கமராவோடு போன முதல் பயணம் செங்கலடிக்கு, ஐயாவின் தங்கச்சி வீட்டுக்கு. பஸ்ஸில் கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தார். ரீச்சர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, நீலத்தில இல்லயா? பச்ச என்ட பக்கத்துக்குப் பொருந்தாது."

"ரீச்சர், இது பஸ். சாறிக்கடை இல்ல."

"அந்தப் பையில நீலம் தெரியிது. தாங்க."

பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். கொண்டக்டர் நீலத்தைக் கொடுத்தார். அதன் விலை நாங்கள் போகவேண்டிய இடத்துக்குப் பொருந்தாவிட்டாலும், நிறம் பொருந்தியது.

அந்தப் பக்கத்தின் பெரிய கட்டத்தில் "மாமி வீட்டு மாம்பழம் தின்னும் குகன்" என்று எழுதியாயிற்று. போய்ப் பார்த்தால் மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. மாம்பழக் காலம் இல்லையே! வேறு யாராவது என்றால் விளக்கத்தை மாற்றியிருப்பார்கள். ரீச்சர் ஒரு பழுத்த பப்பாசியை வாங்கி, தோல் சீவி, கத்தியால் மாம்பழ வடிவத்துக்குச் செதுக்கினார். குகன் அதைக் கடித்துக்கொண்டு கமராவைப் பார்த்தான்.

"மாம்பழம் தின்னுற மாதிரித் தின்னு மனே!"

"அம்மா, இது பப்பாசி."

"அது உனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது."

இன்னொரு லீவுக்குப் பாதை முழுதாக மூடியிருந்தது. ரீச்சர் பயணத்தை ரத்துச் செய்யவில்லை. ஒரு தோணிக்காரரைப் பிடித்து, பட்டப்பகலில் எங்களை வாவியில் இறக்கிவிட்டார். "பாடும் மீனைக் கேட்கும் அப்பா" என்பது கட்டம். நிலா இரவில் துடுப்பில் காதை வைத்தால் வாவி மீன் பாடுவது கேட்கும் என்பது மட்டக்களப்புப் பேச்சு. ஐயா துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தபடி நல்ல நித்திரை. நான் படம் எடுத்தேன். பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன ஒரு லயிப்பு!" என்றார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எழிலுக்குச் சுவிசில் மாப்பிள்ளை பொருந்திவிட்டது. விசா வந்தது. அடுத்த கிழமை கொழும்புக்குப் புறப்பட வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சூட்கேஸ், பலகாரம், மிளகாய்த்தூள் என்று யோசித்தார்கள். ரீச்சர் பிறிஸ்டல் போட்டை விரித்தார்.

"பாசிக்குடா. நாலு பேரும் ஒரு நாள் கடல்ல குளிக்கிறம். மறுகா புள்ள போகட்டும்."

ஐயா வாயைத் திறந்தார். அது பெரிய விஷயம்.

"அங்கால ரோட்டு எப்பிடியெண்டு தெரியாதே. கடற்கரைக்கு விடுவானோ?"

"விடுவான்."

"ஆரு சொன்ன?"

"பக்கம் கீறிட்டன்" என்றார் ரீச்சர். பேச்சு முடிந்தது.

அந்தப் பக்கம் அவருடைய பக்கங்களுக்கெல்லாம் ராணி. குடாவை அரைவட்டமாக நீல மையில் கீறி, யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் அம்புக்குறிகளால் காட்டியிருந்தார். கட்டங்களுக்குக் கீழே பென்சிலில் குறிப்புகள். "குகன் - பாய்ச்சல்." "எழில் - தனியாக, தூரத்தில்." "அப்பா - வெடிச்சிரிப்பு, பின்னேரம் மூன்று மணி." பக்கத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினோம்.

செங்கலடி தாண்டி ஒரு சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள், பை பார்த்தார்கள். ஒரு சிப்பாய் சுருளை இழுத்து விரித்தான். அப்படியே நின்றான். பிறகு சார்ஜன்டைக் கூப்பிட்டான்.

சார்ஜன்ட் வந்து பார்த்தார். அரைவட்டக் கடற்கரை. கடல் பக்கமிருந்து அம்புக்குறிகள். "மே மொக்கத?" என்றார், என்ன இது என்று. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் விரலை வைத்து மெதுவாக வாசித்தான்.

"பாய்... பாய்ச்சல்." சார்ஜன்டுக்கு அதற்கு ஒரு சைகை காட்டினான். அது அட்டையில் இருந்ததைவிடப் பயங்கரமாக இருந்தது. "தனியாக... தூரத்தில்." பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்தான். "வெ... வெடி. மூன்று மணி."

தமிழும் சிங்களமும் ஒத்துப்போகிற இடங்கள் அந்த நாட்களில் அதிகம் இல்லை. "வெடி" என்பது சிங்களத்திலும் வெடிதான். சார்ஜன்டுக்கு மேலே மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

எங்களை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கமரா மேசைக்குப் போய்விட்டது. எங்கள் பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. பிறகு குகனைத் தனியே பிரித்து நிறுத்தினார்கள். அந்த வயதுப் பையன்களைத் தனியே நிறுத்தினால் அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எழில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரீச்சர் மட்டும் வரிசையை விட்டு முன்னால் போனார்.

"இது சுற்றுலா. ட்ரிப்! இவர் என்ட மனுசன். இவர் சிரிப்பார். வெடி மாதிரிச் சிரிப்பார். அதத்தான் எழுதின."

சார்ஜன்ட் ஐயாவை மேலும் கீழும் பார்த்தார். தபால் முத்திரைபோல அமைதியாக ஐயா நின்றார்.

"இவர் சிரிக்கிறதா?" என்றார் சார்ஜன்ட், அவருக்கு வந்த தமிழில். "சரி. சிரி."

ஐயா சிரிக்க முயன்றார். சத்தியமாக முயன்றார். வாய் திறந்தது, பல் தெரிந்தது, சத்தம் ஒன்றும் வந்தது. ஆடு ஒன்று தூரத்தில் தும்மியதுபோல இருந்தது.

சார்ஜன்டின் முகம் இறுகியது. "வெடி இல்லை" என்றார்.

ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. சார்ஜன்ட் மீதல்ல, புருசன் மீது. "இதா சிரிப்பு? புள்ளய அங்கால நிப்பாட்டி வெச்சிரிக்கான், நீங்க இஞ்ச கனைக்கிறயள்! தோளத் தளர்த்துங்க. நாடிய உயர்த்துங்க." புருசனை இழுத்து வெயில் படும் பக்கமாகத் திருப்பினார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தி வரவில்லை. பிறகு, இருபது வருடப் பழக்கத்தில், யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்து சார்ஜன்டின் பக்கம் கையை அசைத்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

சார்ஜன்ட் துவக்கோடு தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படித் தள்ளித் தள்ளி நின்றே பழகிய ஐயா அதைப் பார்த்தார். துவக்கும் தொப்பியுமாக ஒரு மனுசன் தன்னைப் போலவே பணிவாக நகர்ந்து நிற்பதைப் பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு வெடித்தது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த சிப்பாய் குனிந்து துவக்கைப் பிடித்தான். எதிரே மரத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பின. ஐயா கண்ணில் தண்ணீர் வர, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து எழிலுக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜன்ட் சிறிது நேரம் தாக்குப்பிடித்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

ரீச்சர் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

"தம்பி! எடுங்க! எடுங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

கமரா மேசையில் கிடந்தது. சார்ஜன்ட் தலையை ஆட்டினார். சென்றியில் படம் எடுக்கக் கூடாது. ரீச்சர் கெஞ்சினார். ஒரே ஒரு படம் என்றார். படத்தில் மண்மூட்டை தெரியாமல் எடுப்போம் என்றார். மறுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் காத்திருந்த சிரிப்பு அவருக்கு முன்னாலேயே வெடித்து முடிந்தது. ரீச்சரின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குகனை விட்டார்கள். பக்கத்தையும் கமராவையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் நேரம் போய்விட்டது. இனிப் பாசிக்குடா போனால் பாதை மூடுமுன் திரும்ப முடியாது. ஐயா என் காதில், "உயிரோட வீட்ட போறமே, அது போதும்" என்றார். ரீச்சர் சுருளைத் துடைத்துப் பையில் வைத்தார். சார்ஜன்டிடம் போனார்.

"நாளைக்கும் வருவம்" என்றார்.

வந்தோம். அதே சென்றி, அதே சார்ஜன்ட். பையைத் திறக்கவே இல்லை. "போ, ரீச்சர், போ" என்று கையைக் காட்டினார். போகும்போது ஐயாவை ஒருமுறை ஆசையோடு பார்த்தார். ஐயா வணக்கம் மட்டும் வைத்தார்.

பாசிக்குடாவில் அப்போது ஒன்றும் இல்லை. எரிந்த ஹோட்டல்களின் சுவர்கள், தென்னைகள், வலை காயப்போட்டிருந்த இரண்டு மூன்று மீன்பிடிகாரர், காவலுக்கு நின்ற ஆமிக்காரர். ஒரு மணித்தியாலம்தான் நிற்கலாம் என்றார்கள். கடல் மட்டும் யாருக்கும் பயப்படாமல் அப்படியே கிடந்தது. எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாத தண்ணீர்.

ரீச்சர் நேரத்தை வீணாக்கவில்லை. பக்கத்தை விரித்தார். "குகன், அந்தக் கல்லுக்கு மேல ஏறு. எழில், நீ தூரத்தில, தனியா. கடலப் பாத்துக்கிட்டு நில்லு. சோகமா இரி கா, ஆனா அழாத."

அப்போது ஒரு காற்று வந்தது. பிறிஸ்டல் போட் ரீச்சரின் கையிலிருந்து கிளம்பி, பட்டம்போல ஏறி, தண்ணீரில் போய் விழுந்து மிதந்தது.

"ஐயோ, பக்கம்!"

செருப்போடும் சாறியோடும் ரீச்சர் கடலில் இறங்கி ஓடினார். அவருக்குப் பின்னால் எழில். குகன் கல்லிலிருந்து பாய்ந்தான், முகம் குப்புற விழுந்தான். ஐயா காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, தபால்காரனின் நிதானத்தோடு அவர்களைப் பின்தொடர்ந்தார். அலை பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனது. ரீச்சர் எட்டிப் பிடிக்கும்போது கால் இடறித் தொப்பென்று இருந்துவிட்டார். தூக்கப்போன எழிலும் சறுக்கி அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். சாறி தண்ணீரில் பூசணிக்காய்போல ஊதி நின்றது. நனைந்த பக்கத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ரீச்சர் சிரித்தார். எழில் தாயின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

யாரும் சொல்லாமல் நான் எடுத்த முதல் படம் அது.

"ஆரு உங்கள எடுக்கச் சொன்ன?" என்று அங்கேயே ஏச்சு விழுந்தது.

படம் கழுவி வந்தபோது ரீச்சர் அதை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து வைத்துப் பார்த்தார். கொடியில் காயப்போட்டு, இஸ்திரிக்கை போட்டு நிமிர்த்திய பக்கத்தில் நீல மை கரைந்து, அரைவட்டம் எல்லாம் முகிலாகியிருந்தது. எந்தக் கட்டத்திலும் அந்தப் படம் அடங்கவில்லை. அவர் பசையைத் தடவி, கட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டநடுவில் ஒட்டிவிட்டார். பிறகு பேனையை மகளிடம் நீட்டினார்.

"நீயே எழுது. எனக்கு ஒண்டும் வருகுதில்ல."

எழில் "அம்மாவும் நானும்" என்று எழுதினாள். பிறகு மெதுவாக, "அம்மா, இத நான் கொண்டுபோகவா?" என்று கேட்டாள்.

ஈரக்கையோடு யாரும் அல்பத்தைத் தொட்டால் வீட்டைவிட்டுத் துரத்துகிற மனுசி, பக்கங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அந்தப் பக்கத்தை உருவிக் கொடுத்தார். "பசை இன்னும் காயல்ல. பிளேனில மடிக்காம மடியில வெச்சிக்கொண்டு போ" என்றார்.

எழில் போன பிறகு சில நாட்கள் அந்த வீட்டு அடுப்படியில் கறி மட்டும்தான் மணத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒரு காலையில் மறுபடி பசை கொதிக்கும் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். ரீச்சர் புதிய பக்கத்தில் கட்டம் கீறிக்கொண்டிருந்தார்.

"இது என்ன பக்கம் ரீச்சர்?"

"எழில் வாற பக்கம். இது மருமகனுக்கு. இந்தச் சின்னக் கட்டம் பேரப்புள்ளைக்கு."

"அவ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகல்லயே!"

"அதான் இப்பவே கீறுறன்."

அந்தப் பக்கம் பல வருடம் காத்திருந்தது. சமாதானம் என்று கொஞ்சக் காலம் பாதை திறந்தபோது எழில் வந்தாள். மருமகன் வந்தார். பிள்ளைகள் இரண்டு, இரட்டையர். ரீச்சர் அவர்களைக் கட்டி முத்தமிட்டுவிட்டு மகளைக் கடிந்துகொண்டதை நானே கேட்டேன். "நான் ஒரு கட்டம்தானே கா கீறினன்!"

இப்போது நான் கொழும்பில். ரீச்சருக்கு முழங்காலில் வருத்தம், ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை. போன கிழமை தொலைபேசியில் வந்தார். "தம்பி, யாழ்ப்பாணம் போறம். பக்கம் முடிஞ்சிது. ஒரு ஆள் நிக்கிற கட்டம் சும்மா கிடக்கு. எப்ப வாறீங்க?"

அங்கே என்ன எழுதியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கந்தோரில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவர் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே நிற்பேன். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாலும் சரி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் அவர் இருந்தால் போதும்.